வெட்கத்தை விலக்கி அறிய வேண்டிய சிகிச்சை

நீரிழிவினாலோ புரொஸ்டேட் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் விளைவாகவோ விறைப்புத்தன்மையை இழக்கும் ஆண்கள் பலர், அதனை மனைவியிடமோ வைத்தியரிடமோ கூறாது மறைத்து விடுகின்றனர். அந்த மௌனத்தினால் இலாபமடைவோர் போலி மருந்து விற்போரேயாவர்.

மாத்திரை, ஊசிமருந்து, வெற்றிடக் கருவி ஆகியன பயனளிக்காதவிடத்தே ஆணுறுப்பு உள்வைப்புச் சத்திரசிகிச்சை பற்றிச் சிந்திக்கப்படுகின்றது. வளையக்கூடிய கோல்களைப் பொருத்துவது ஒரு முறை. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிரான்ட்லி ஸ்கொட் குழுவினர் அறிமுகப்படுத்திய, திரவத்தால் இயங்கும் கருவி மற்றையது. அதில் உறுப்பினுள் இரு உருளைகளும், விதைப்பையினுள் சிறு பம்பியும், அடிவயிற்றில் திரவப் பையும் வைக்கப்படுகின்றன.

வலியும் வீக்கமும் சில வாரங்கள் நீடிக்கலாம். தாம்பத்திய உறவுக்குப் பொதுவாக ஆறு வாரங்கள் வரை பொறுத்திருத்தல் வேண்டும். தொடுவுணர்வும் உச்சநிலையும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் கருவி ஆசையைத் தோற்றுவிக்காது, நீளத்தையும் கூட்டாது. உறுப்பு முன்னரிலும் குறுகியதாகச் சிலருக்குத் தோன்றவும் கூடும்.

கிருமித்தொற்று அரிதெனினும், ஏற்படின் கருவியை அகற்ற நேரிடலாம். கட்டுப்பாடற்ற நீரிழிவு அந்த அபாயத்தை அதிகரிக்கும். பல கருவிகள் பத்தாண்டுகளுக்கு மேல் இயங்கினும், பழுதடைந்தால் மறுசிகிச்சை அவசியமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியை அகற்றினாலும் இயல்பான விறைப்பு பெரும்பாலும் திரும்பாது.

ஆகவே, இம்முடிவை அவசரத்திலன்றி, மனைவியையும் உடன் அழைத்துச் சென்று நிபுணரிடம் யாவற்றையும் கேட்டறிந்த பின்னரே எடுத்தல் வேண்டும். நோயைச் சொல்வது இழுக்கல்ல. அதனை மறைத்து இல்லறத்தின் நிம்மதியைக் குலைப்பதே இழப்பு என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.