நாடி இல்லாத மனிதர்களும் ஹூஸ்டன் சண்டையும்

ஒருத்தர் கையைப் பிடிச்சு நாடி பாக்குறீங்க. துடிப்பே இல்லை. ஆனா அவர் உங்க எதிரே உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டே பேசிட்டிருக்கார். நம்ம ஊர் நாடி வைத்தியர் யாராவது பார்த்தால் வாதம், பித்தம், கபம் மூணும் கூட்டாகக் கிளம்பிப் போயிடுச்சுன்னு எழுந்து ஓடிடுவார் :-) பேய்க்கதை எல்லாம் இல்லைங்க. நெஞ்சுக்குள் ஒரு சின்ன சுழலும் பம்பும், இடுப்பில் பேட்டரியுமாக நடமாடுகிறவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கையில் நாடி கிடைக்காது.

இந்தப் பம்ப் வந்த கதையில் பெரும்பகுதி நான் படிக்க வந்து சேர்ந்த ஹூஸ்டனில்தான் நடந்தது. இங்கே இதயம் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இரண்டு பெயர் வந்து விழும்: மைக்கேல் டிபேக்கி, டென்டன் கூலி. ஒரே மருத்துவ வளாகத்தில், கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்துக்கொண்டு, சுமார் நாற்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள். பங்காளிச் சண்டை தோற்றது போங்க.

டிபேக்கி 1908-ல் லூசியானாவில் பிறந்தவர். லெபனானிலிருந்து குடியேறிய குடும்பம். அம்மாவிடம் தையல் கற்றுக்கொண்டார், அதுதான் பின்னால் கை கொடுத்தது. வீங்கிப்போன பெருந்தமனியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க ஒரு துணிக்குழாய் வேண்டியிருந்தபோது, ஹூஸ்டனில் ஒரு கடைக்குப் போய் நைலான் கேட்டாராம். தீர்ந்துபோச்சு, டேக்ரான் இருக்கு என்றார்களாம். வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷினிலேயே குழாயாகத் தைத்தார். டேக்ரான்தான் கடைசியில் நிலைத்தது. அதற்கு முன்னால், மாணவனாக இருந்த 1930-களிலேயே ரத்தம் ஏற்றுவதற்காக ஒரு உருளை பம்பை மேம்படுத்தியிருந்தார். 1953-ல் ஜான் கிப்பன் இதய நுரையீரல் இயந்திரத்தை வைத்து முதன்முதலாக வெற்றிகரமாக அறுவை செய்தபோது, அந்த வகைப் பம்ப்தான் உள்ளே ஓடியது.

கூலி நேர் எதிர். ஹூஸ்டன்காரர், பல் டாக்டர் மகன், கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய நெடுநெடு உயரம். 1951-ல் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் டிபேக்கியின் துறையில் சேர்ந்தார். கை வேகத்துக்குப் பேர் போனவர். கோர்ட்டில் ஒரு வக்கீல், 'உலகத்திலேயே சிறந்த இதய அறுவை நிபுணர் நீங்கள்தான் என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்க, 'ஆமாம்' என்றாராம். 'அடக்கமே இல்லையே?' என்றதற்கு, 'சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கேனே, என்ன பண்ணட்டும்' என்றாராம். ஊர் முழுக்கச் சொல்லப்படும் கதை.

சரி, சண்டைக்கு வருவோம்.

1964-ல் அமெரிக்க அரசு செயற்கை இதயத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் டிபேக்கி. அவருடைய ஆய்வகத்தில் டொமிங்கோ லியோட்டா என்ற அர்ஜென்டினா மருத்துவர் அந்தக் கருவியில் உழைத்துக்கொண்டிருந்தார். டிபேக்கியின் போக்கு நிதானம். முழு இதயத்தையும் மாற்றுவதைவிட, தளர்ந்த இதயத்துக்குத் துணையாகச் சில நாள் ஒரு பம்பை ஓடவிட்டு அதைத் தேற்றிவிடலாம் என்று நினைத்தார். 1966-ல் அப்படி 37 வயதுப் பெண் ஒருவருக்குப் பத்து நாள் பம்ப் வைத்து, பிறகு கழற்றி, வீட்டுக்கும் அனுப்பினார். என்னைக் கேட்டால் இந்த மொத்த வரலாற்றில் குறைவாகப் பேசப்படும் பெரிய வெற்றி இதுதான்.

இதற்கிடையே 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் பர்னார்டு இதயத்தையே மாற்றிவிட்டார். உலகமே பைத்தியம் பிடித்து ஆடியது. 1968 மே மாதம் கூலியும் மாற்று அறுவையில் இறங்கினார், அடுத்தடுத்துச் செய்தார். ஆனால் உடம்பு வேற்று இதயத்தை ஏற்காமல் நோயாளிகள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். போதாக்குறைக்கு, காத்திருப்பவர்களுக்குத் தானம் கிடைக்கவில்லை. தானம் வரும்வரை ஆளை உயிரோடு வைத்திருக்க ஏதாவது வேண்டும் என்ற எண்ணம் கூலிக்கு வந்தது இங்கேதான். லியோட்டா தன் கருவி சோம்பிக் கிடக்கிறதே என்ற ஆதங்கத்தில் கூலியிடம் போனார். டிபேக்கிக்குச் சொல்லாமலேயே வேலை நடந்தது.

1969 ஏப்ரல் 4, புனித வெள்ளி. இல்லினாய்ஸைச் சேர்ந்த 47 வயது ஹாஸ்கல் கார்ப், இதயத்தின் கீழறை வீங்கிக் கெட்டுப்போன நிலையில் மேசையில் படுத்திருக்கிறார். கெட்ட பகுதியை வெட்டித் தைத்த பிறகும் இதயம் தானாக இயங்க மறுக்கிறது. கூலி அந்த இதயத்தையே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கும் துணியுமான செயற்கை இதயத்தைப் பொருத்துகிறார். உலகத்தில் முதல் முறை. காற்றை அனுப்பி அதை இயக்க, ஒரு பெரிய இயந்திரப் பெட்டி பக்கத்தில். கார்ப் கண் விழித்தார். மனைவி தொலைக்காட்சியில் தோன்றி, யாராவது ஒரு இதயம் தாருங்கள் என்று அழுதார். சுமார் 64 மணி நேரம் கழித்து தான இதயம் வந்து பொருத்தப்பட்டது. அடுத்த ஒன்றரை நாளுக்குள், ஏப்ரல் 8 அன்று, நுரையீரல் தொற்றிலும் சிறுநீரகச் செயலிழப்பிலும் கார்ப் இறந்துபோனார்.

டிபேக்கி அப்போது வாஷிங்டனில், தேசிய இதய நிறுவனக் கூட்டத்துக்குப் போயிருந்தார். தன் ஆய்வகக் கருவி மனித நெஞ்சுக்குள் போன செய்தி அவருக்கு அங்கேதான் தெரிந்தது. எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. கருவியைத் திருடிவிட்டார்கள் என்பது டிபேக்கி கட்சி. நாங்கள் தனியாகச் செய்தது என்பது கூலி கட்சி. பேய்லர் விசாரணைக் குழு போட்டது. மனிதர்கள் மீதான சோதனைகளுக்கான விதிமுறையில் கையெழுத்துப் போட மறுத்து கூலி ராஜினாமா செய்தார். தான் ஏற்கனவே 1962-ல் தொடங்கியிருந்த டெக்சாஸ் இதய நிறுவனத்தோடு நின்றுகொண்டார்.

யார் செய்தது சரி? கூலி பக்கத்து வாதம் எளிமையானது: மேசையில் ஒருவர் சாகிறார், கையில் ஒரு கருவி இருக்கிறது, பார்த்துக்கொண்டு நிற்பதா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கருவியும் பெட்டியும் அன்றைக்குத் தற்செயலாக அறைக்குள் வந்துவிடவில்லை. மாதக்கணக்கில் அதற்காகவே தயார் செய்யப்பட்டவை. அதுவரை கன்றுக்குட்டிகளில்தான் சோதித்திருந்தார்கள், எந்தக் கன்றும் நெடுநாள் பிழைக்கவில்லை. கார்ப் அறுவைக்கு முன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், அதில் இயந்திர இதயம் பற்றியும் இருந்தது. உண்மைதான். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவருக்கு அந்த வரி என்ன புரிந்திருக்கும்? பின்னால் அவர் மனைவி வழக்குப் போட்டார். கூலிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 1974-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. சட்டம் வேறு, மனசு வேறு.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்லணும். மாற்று இதயம் வரும்வரை இயந்திரத்தால் ஆளைத் தாக்குப்பிடிக்க வைக்கலாம் என்று அன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. இன்றைக்கு எத்தனையோ பேர் அந்தப் பாலத்தில்தான் நடந்து அக்கரை போகிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்குக் கூலியை முழுசாகத் திட்டவும் வரவில்லை.

அடுத்த பத்து, இருபது வருஷத்துச் சிக்கல் இயந்திரவியல் சிக்கல். இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதே மாதிரி சுருங்கி விரியும் பம்ப் செய்தால் உள்ளே இருக்கும் சவ்வு ஒரு நாள் கிழிந்தே தீரும். 1982-ல் யூட்டாவில் பார்னி கிளார்க்குக்கு ஜார்விக்-7 பொருத்தினார்கள். 112 நாள் இருந்தார், அதில் நிம்மதியாக இருந்த நாட்கள் குறைவு.

விடை வந்த திசை யாரும் எதிர்பார்க்காதது. ரிச்சர்டு வாம்ப்ளர் என்ற மருத்துவர் 1970-களில் எகிப்து கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தார். அங்கே திருகாணி மாதிரியான ஒரு பழங்கால அமைப்பைச் சுழற்றித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ரத்தத்தையும் ஏன் இப்படி இறைக்கக் கூடாது? (நாம் ஏற்றத்தையும் கமலையையும் பார்த்துவிட்டு வயல் பக்கம் போய்விடுகிறோம், இவர் இதயத்துக்குப் போயிருக்கார்.) அவ்வளவு வேகமாகச் சுழன்றால் ரத்த அணுக்கள் கூழாகிவிடும் என்று பலர் பயந்தார்கள். ஆகவில்லை. பென்சில் கனத்துக்கு இருந்த அந்த ஹீமோபம்பை 1988-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தியவர் பட் ஃபிரேசியர். இடம் டெக்சாஸ் இதய நிறுவனம். டிபேக்கியிடம் படித்து, கூலியிடம் வேலைக்குப் போனவர் அவர்! இரண்டு வீட்டுச் சோறும் தின்றவர்.

அதற்குப் பிறகு துடிக்கிற பம்புகள் மெல்ல ஒதுங்கின. 2001-ல் வெளிவந்த ஆய்வில், 129 பேரில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷம் தாண்டியவர்கள் 25 சதவீதம், துடிக்கும் பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம். அதையும் மிஞ்சியது சுழலும் வகையான ஹார்ட்மேட் 2. 2008-ல் அதற்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனி 2010-ல் பொருத்திக்கொண்டு, 2012-ல் மாற்று இதயம் கிடைக்கும்வரை ஓட்டினார். 2011-ல் ஃபிரேசியரும் பில்லி கோனும் ஒரு நோயாளியின் இதயத்தை முழுசாக எடுத்துவிட்டு, இப்படி இரண்டு பம்புகளை ஜோடியாக வைத்தார்கள். மருந்துக்குக்கூட துடிப்பில்லாத உடம்பு. அவர் பேசினார், எழுந்து உட்கார்ந்தார். ஆனால் ஏற்கனவே இருந்த நோய் மற்ற உறுப்புகளைத் தின்றுவிட்டதால் சில வாரங்களில் காலமானார்.

நம்ம பங்காளிகள் என்ன ஆனார்கள்? 2005 கடைசியில், 97 வயதில், டிபேக்கிக்குப் பெருந்தமனி கிழிந்தது. 2006-ல் அவரே உருவாக்கிய அறுவை முறையை அவர் மீதே செய்து காப்பாற்றினார்கள். அடுத்த வருஷம் கூலி தன் பேரிலான சங்கத்தின் விருதை அவருக்குக் கொடுத்தார், டிபேக்கி நேரில் வந்து வாங்கிக்கொண்டார். 2008-ல் டிபேக்கி போனார், 2016-ல் கூலி. கார்ப் நெஞ்சில் ஓடிய கருவி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கார்ப் படுத்திருந்த செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை இப்போது பேய்லரோடு சேர்ந்து, பேய்லர் செயின்ட் லூக்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கேதான் 2024 ஜூலை 9 அன்று பைவகார் என்ற முழுச் செயற்கை இதயத்தை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்கள். வடிவமைத்தவர் டேனியல் டிம்ஸ், ஆஸ்திரேலியாவில் ஒரு பிளம்பரின் மகன். உள்ளே சவ்வு இல்லை, வால்வு இல்லை, காந்த விசையில் மிதந்து சுழலும் ஒரே ஒரு சக்கரம். எட்டு நாள் கழித்து அந்த நோயாளிக்குத் தான இதயம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சிட்னியில் பொருத்திக்கொண்டவர் மருத்துவமனையை விட்டு வெளியே போய், நூறு நாளுக்கு மேல் அதோடு இருந்துவிட்டு, 2025 மார்ச்சில் மாற்று இதயம் வாங்கிக்கொண்டார்.