தொலைவும் வழியும்: ஹெல்சிங்கி முதல் தோக்கியோ வரை

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவைப் புவியியல் வரையறுக்கிறது. பயணக் காலத்தை வரையறுப்பதில் அரசியலுக்கும் பங்குண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் தோக்கியோவுக்கும் இடையிலான வான்வழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். புவிக்கோளத்தின் மீது இவ்விரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோடு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும்பகுதி சைபீரியாவின் மேலாகச் செல்கிறது.

ஒவ்வொரு நாடும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளிக்கு முழு உரிமையுடையது என்பது 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஏற்ற கோட்பாடு. பனிப்போர்க் காலத்தில் சைபீரிய வான்வெளி மேற்கு நாட்டு விமானங்களுக்கு எளிதில் திறக்கவில்லை. ஆகவே, 1957இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோப்பன்ஹேகனிலிருந்து துருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கித் தோக்கியோவை அடையும் சேவையைத் தொடங்கியது. 1983 ஏப்ரலில் பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து இடைநிற்றலின்றித் தோக்கியோவுக்குப் பறக்கலாயிற்று. சோவியத் எல்லையைத் தவிர்த்து, வடதுருவத்தை ஒட்டிப் பேரிங் நீரிணை வழியே சென்ற அப்பயணத்திற்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது.

எல்லைக்கோட்டின் கடுமையை அதே ஆண்டு உலகம் கண்டது. செப்டம்பர் 1ஆம் நாள், ஆங்கரேஜிலிருந்து சோலுக்குச் சென்ற கொரிய விமானம் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர்.

பின்னர்ச் சைபீரிய வழி படிப்படியாகத் திறந்தது. பயணம் ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குச் செல்லும் குறுக்குவழியில் ஹெல்சிங்கி அமைந்திருப்பதையே பின்னேர் தன் வணிகத்தின் அடித்தளமாக்கிக் கொண்டது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மார்ச்சு மாதத்தில் மீண்டும் தொடங்கிய தோக்கியோ பயணம் மறுபடியும் 13 மணி நேரமாக நீண்டது. நாற்பதாண்டுக் காலப் பொறியியல் வளர்ச்சியால் விமானங்கள் எரிபொருள் சிக்கனம் பெற்றன. ஆயினும் பயணியின் கடிகாரம் 1983க்கே திரும்பியது.

நம் மொழி இவ்வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்துள்ளது. 'காதம்' நிலத்தின் அளவு. 'ஒரு நாள் வழி' என்பது நடப்பவரின் காலத்தைக் கொண்டு அமைந்த அளவு. 'கூப்பிடு தூரம்' என்பதோ, குரல் சென்றெட்டும் இடத்தில் கேட்பவர் ஒருவர் இருப்பதைக் கருதும் அளவு. இவற்றுள் முதலாவது மட்டுமே மனித உறவுகளைச் சாராதது.

எனவே, ஒரு பயண அட்டவணை தொலைவையும் நேரத்தையும் அருகருகே தரும்போது, அந்நேரம் எந்த ஆண்டுக்குரியது, எவ்வழிக்குரியது என்று நாம் கேட்டறிதல் வேண்டும். அவ்விரு விவரங்களும் இல்லாத பயண நேரம் வரலாற்றுச் சான்றாகப் பயன்படாது.