இசைத்தட்டு சுழற்றியவரின் வியாபாரம்

1960-இல் நெதர்லாந்துக் கடல் எல்லைக்கு வெளியே நின்ற ஒரு கப்பலில் இருந்து ரேடியோ வெரோனிகா ஒலிக்க ஆரம்பித்தது. கரையில் இருந்த நிலையங்கள் பாப் பாட்டை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத காலம் அது. இளைஞர்கள் சும்மா விடுவார்களா?

அங்கே யோஸ்ட் டென் டிரையர் என்ற பெயரில் புகழ்பெற்றவர் வில்லெம் வான் கோட்டன். டிரையர் என்றால் சுழற்றுபவர். டிஜே-வுக்குப் பொருத்தமான பெயர்தான்! 1965 ஜனவரி 2-ஆம் தேதி டாப் 40 பட்டியலைத் தொடங்கி வைத்தவர் இவர். முதல் வாரம் முதலிடம் பீட்டில்ஸுக்கு.

ஆனால் ஆள் வெறும் அறிவிப்பாளர் இல்லை. ரெட் புல்லட் என்ற சொந்த நிறுவனம் வைத்துப் பாடல் உரிமைகளையும் கையில் வைத்திருந்தார். அதில் ஒன்று ஷாக்கிங் புளூ குழுவின் 'வீனஸ்', 1970 பிப்ரவரியில் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்த பாட்டு. (வானொலிக்காரரே பாட்டுக்கு முதலாளியாகவும் இருக்கலாமா என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.)

பிறகு ஒருநாள் இசைத்தட்டுக் கடையில் ஒரு கதம்பப் பாட்டு காதில் விழுந்தது. நடுவில் 'வீனஸ்'! அவரோ யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. திருட்டுத் தட்டு என்று புரிந்தது. கூடவே, இந்தச் சரக்குக்குக் கிராக்கி இருக்கிறது என்பதும் புரிந்தது. யாப் எகர்மான்ட்டை வைத்து முறையான கதம்பம் ஒன்றைத் தயாரிக்க ஏற்பாடு செய்தார். அதுதான் 'ஸ்டார்ஸ் ஆன் 45'. பீட்டில்ஸ் பாட்டுகளை அவர்கள் குரலிலேயே டச்சுப் பாடகர்கள் பாடினார்கள். 1981 ஜூனில் அதுவும் அமெரிக்காவில் முதலிடம். ஆரம்பத்திலேயே 'வீனஸ்' துண்டு வேறு!