மாமா, லெதரா ரெக்சினா?



போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் போன் செய்தான். சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான். ஜெர்மன் கார் ஒன்று வாங்கப் போகிறானாம். "மாமா, சீட்டுக்கு ஒரிஜினல் லெதர் போடலாமா, செயற்கை லெதர் போதுமா? ஷோரூமில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் தோல் ஊரில் வாத்தியாராக இருந்தவராச்சே, சொல்லுங்கள்" என்றான்.

இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேட்டேன். அந்தப் பணத்தில் நான் இரண்டு டிவிஎஸ் வண்டி வாங்கிவிடுவேன். "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு வாரம் யோசித்ததில் பதில் நீண்டுவிட்டது. அவனுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். பாடம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், தேர்வு கிடையாது.

முதலில் ஒரு கேள்வி. நூறு வருடத்துக்கு முந்தைய பணக்காரர் வீட்டுக் காரில் தோல் இருக்கையில் உட்கார்ந்தவர் யார்? முதலாளி என்று சொன்னால் தவறு. டிரைவர்தான்!

இதைப் புரிந்துகொள்ளக் குதிரை வண்டியிலிருந்து வர வேண்டும். ஐரோப்பாவில் கோச்சு வண்டி ஓட்டுபவர் வெளியே மழையிலும் பனியிலும் உட்கார்ந்திருப்பார். நனைந்தாலும் துடைத்துவிடலாம் என்பதால் அவர் இருக்கைக்குத் தோல் போட்டார்கள். உள்ளே, கதவும் கண்ணாடியும் உள்ள அறையில் இருக்கும் எஜமானருக்கு நல்ல கம்பளித் துணி, வெல்வெட், பட்டு. தோல் வழுக்கும், குளிரில் சில்லென்று இருக்கும். துணி மெத்தென்று இருக்கும், கதகதப்பாக இருக்கும், சத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

கார் வந்தபோது அதன் உடலைக் கட்டியவர்களும் அதே கோச்சு வண்டித் தச்சர்கள்தான். 1910களிலும் 20களிலும் செய்த பெரிய லிமோசின் கார்களில் முன்பக்கம் டிரைவருக்குக் கூரைகூட இல்லாமல் தோல் இருக்கை இருக்கும். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பின்பக்கம் முதலாளிக்குக் கம்பளி இருக்கை.

இந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. 2002-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் பொன்விழாவுக்காக பென்ட்லி நிறுவனம் செய்து கொடுத்த அரசுக் காரில் ராணி உட்கார்ந்த பின் இருக்கைக்கு ஆட்டுக்குட்டி ரோமத் துணிதான். தோல் முன்பக்கத்துக்கு. ஜப்பான் பேரரசருக்கு டொயோட்டா 2006-ல் செய்த காரிலும் இதே ஏற்பாடுதான். உலகத்திலேயே எந்தத் தோலையும் வாங்கக்கூடிய இரண்டு குடும்பங்கள் துணியில் உட்காருகின்றன!

அப்படியானால் தோல் எப்போது உயர்ந்தது? அதற்கு முன் போலித் தோலின் கதையைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் பஸ் சீட்டு, ஸ்கூல் பை, டாக்டர் வீட்டு நாற்காலி எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் ஒரே சொல் ரெக்சின். அது ஏதோ பொருளின் பெயர் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். அது இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த ஒரு கம்பெனியின் வியாபாரப் பெயர். வனஸ்பதி எல்லாமே டால்டா ஆன மாதிரி இதுவும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

அதன் செய்முறை சுவாரசியமானது. பருத்தித் துணி எடுத்து, அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பசையைப் பல பூச்சாகப் பூசி, தோலின் சுருக்க வரிகள் போல அச்சு அழுத்துவார்கள். நைட்ரோசெல்லுலோஸ் வெடிமருந்துக்கும் பயன்படுவது. அமெரிக்காவில் வெடிமருந்து செய்துவந்த டுபாண்ட் நிறுவனம் 1910-ல் ஃபேப்ரிகாய்டு என்ற செயற்கைத் தோல் கம்பெனியை வாங்கியது அதனால்தான். துப்பாக்கிக்குப் போன சரக்கு சீட்டுக்கும் போயிற்று. அந்தப் பூச்சு விறைத்து வெடிக்காமல் வளைந்து கொடுக்க அதில் கலந்தது என்ன தெரியுமா? ஆமணக்கு எண்ணெய். நம் பாட்டிகள் மூக்கைப் பிடித்து நம் வாயில் ஊற்றினார்களே, அதே விளக்கெண்ணெய்தான். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதையை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியா.

பிறகு 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் பிவிசி பிளாஸ்டிக்கை ரப்பர் போல வளைய வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் லட்சக்கணக்கில் உற்பத்தியானபோது இருக்கைகளுக்கு இந்த வினைல் வந்தது. மலிவு, துடைத்தால் போதும், எந்த நிறமும் கிடைக்கும். சாதாரணக் கார்கள் எல்லாம் வினைலுக்கும் நைலான் துணிக்கும் மாறின.

இங்கேதான் தோலின் தலையெழுத்து மாறுகிறது. எல்லோர் காரிலும் வினைல் வந்தபிறகு, உண்மையான தோல் அரிதாகிவிட்டது. அரிதானது உயர்ந்தது. டிரைவர் சீட்டு எஜமான் சீட்டாகிவிட்டது. 1975-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் கொர்டோபா என்ற காருக்கு விளம்பரம் செய்தது. அதில் 'கொரிந்தியத் தோல்' என்று ஒன்றைப் புகழ்ந்தார்கள். கொரிந்து கிரேக்க நாட்டுப் பழைய நகரம். அந்தத் தோலுக்கும் கொரிந்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளம்பரக்காரர்கள் வைத்த பெயர் அது. பெயரைக் கேட்டு ஜனங்கள் வாங்கினார்கள்.

அதே காலத்தில் பென்ஸ் காரை வாங்கிய பலருடைய இருக்கையில் இருந்தது எம்பி-டெக்ஸ் என்ற வினைல். அது எளிதில் கிழியாது, வெடிக்காது. பல பத்தாண்டு ஓடிய பழைய பென்ஸ் கார்களில் இன்றும் அந்த இருக்கை அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். பென்ஸில் ஏறியவர்களில் எத்தனையோ பேர் தோலில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது சக்கரம் மறுபடி சுற்றுகிறது. டெஸ்லா நிறுவனம் இருக்கைகளில் தோலை நிறுத்திவிட்டது. வால்வோ தன் இனி வரும் மின்சாரக் கார்களில் தோல் இருக்காது என்று 2021-ல் அறிவித்தது. அன்றைக்கு 'போலித் தோல்' என்று கேலி செய்யப்பட்ட சரக்குக்கு இன்று 'வீகன் லெதர்' என்று பெயர். அதில் பெரும்பாலானது பாலியூரித்தேன் அல்லது பிவிசி. மாட்டிலிருந்து வரவில்லை என்பது உண்மை. பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருமகனே, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நல்ல தோல் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சும், வினைல் முதுகில் ஒட்டும். தோலுக்குப் பராமரிப்பு வேண்டும், கவனிக்காவிட்டால் வறண்டு வெடிக்கும். மழைக்காலத்தில் மூடியே நிறுத்தினால் பூஞ்சை பிடிக்கும். பிவிசி உழைக்கும். ஆனால் அதை இளக வைக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல ஆவியாகி முன்கண்ணாடியில் மங்கலாகப் படியும், வருடங்கள் போனால் இருக்கை விறைக்கும். மட்டமான பாலியூரித்தேன் சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் தோல் உரிவது போலப் பொருக்குப் பொருக்காக உரியும். வீட்டு சோபாவில் பார்த்திருப்பாய். வெயிலில் நிறுத்தினால் கறுப்பு நிறம் எதுவானாலும் சுடும்.

இன்னொரு விஷயம். இன்றைக்குக் காரில் வரும் தோலில் பெரும்பகுதியின் மேல் நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் உண்டு. கறை படியாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். நீ கையால் தடவுவது அந்தப் பூச்சைத்தான். அதனால் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன் என்று கிளம்பாதே, உள்ளே இறங்காது. 'லெதர் சீட்' என்று எழுதியிருந்தாலும் பல கார்களில் உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் மட்டுமே தோல். பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வினைல். எந்தெந்தப் பகுதி எது என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் 'நீங்கள் தோல் ஊரில் வாத்தியாராக இருந்தவராச்சே' என்று ஒரு வார்த்தை சொன்னாயே, அது என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைதான். வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோமியத்தில் ஓரிரு நாள் போதும். சென்னைக்குப் பக்கத்தில் குரோம் தோல் தொழிற்சாலை வந்த இடம்தான் இன்றைய குரோம்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்க டேனரிகள் பெருகின. நம் ஊர்த் தோல் பெரும்பாலும் செருப்புக்கும் ஷூவுக்கும் போகிறது. உயர்ரகக் கார் இருக்கைக்கு ஐரோப்பிய மாடுகளின் பெரிய தோல் வேண்டும். அதையும் இப்போது குரோமியம் இல்லாமல் பதனிடுவது உண்டு. அது வேறு கதை.

பாலாற்றில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டேனரிப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு ஆகாததாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அழுத்திச் சொன்ன தீர்ப்பு அது. நம் கிணற்றுத் தண்ணீரால் வந்த சட்டப் பாடம்.

நான் 1984-ல் அந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை. ஊறிய தோலைத் தூக்கிப்போட்டு முடி நீக்குகிற வேலை. பையனும் விடியற்காலையில் அப்பாவுக்கு உதவிவிட்டுப் பள்ளிக்கு வருவான். குளித்துவிட்டுத்தான் வருவான். ஆனாலும் அந்த வாடை போகாது. பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று பிள்ளைகள் புகார் செய்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவன் நான். பிரச்சினை வேண்டாம் என்று அவனைக் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாகத் தனியாக உட்கார வைத்தேன். "காற்று நன்றாக வரும்டா" என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். நான்கைந்து மாதத்தில் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். டேனரிக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் போய்க் கூப்பிடவில்லை.

வாடை என்றுதான் வகுப்பில் எல்லோரும் சொன்னோம். அது வாடை மட்டும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவன் பிறப்பதற்கு முன்பே ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. வாத்தியார் என்ற இடத்தில் இருந்த நான் அதற்குக் கையெழுத்துப் போட்டேன். பிற்பாடு எத்தனையோ வகுப்பில் சமத்துவம் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்த ஜன்னல் ஓரம் நினைவுக்கு வராமல் ஒரு தடவையும் நடத்தியதில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

கம்பளியில் முதலாளி, தோலில் டிரைவர். பிறகு தோலில் முதலாளி, வினைலில் மற்றவர்கள். இப்போது வீகன் லெதர். சரக்கு மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் நின்று தூக்கியவர்களுக்கு வகுப்பறை பெஞ்சில்கூட இடம் கொடுக்கவில்லை நாம்.

மருமகனே, என் பதில் இதுதான். வெயிலில் தினமும் ஓட்டுகிறாய், சின்னக் குழந்தை இருக்கிறது. நல்ல தரமான செயற்கை இருக்கை உனக்குப் போதும். இல்லை, தோல்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கு. உன் சம்பாத்தியம். எதை வாங்கினாலும் அதை அதன் பெயரால் சொல். வண்டிக்கு டிரைவர் வைத்தால், அவர் சாப்பிடும் நேரத்தில் அவரையும் உன் மேஜையில் உட்கார வை.

அந்த 1984-85 ஆறாம் வகுப்பில் படித்தவர்கள் இந்தக் குழுவில் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். அவனுக்கும் இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்