முந்தி வந்த செய்தி: 1919 பஞ்சாப் சம்பவங்களும் பொதுஜன அபிப்பிராயமும்

பொதுஜன அபிப்பிராயத்தைப் பத்திரிகைகளே உண்டாக்குகின்றன என்பாரும், ஜனங்கள் தங்கள் மனத்தில் முன்பே இருப்பதைத்தான் பத்திரிகையில் தேடிக்கொள்கிறார்கள் என்பாரும் நெடுங்காலமாக வாதாடி வருகின்றனர். 1940-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை ஒட்டி, ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஈரி வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் நடத்தி 1944-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இரண்டாவது வாதத்துக்குப் பெரும் பலம் அளித்தது. பிரசாரத்தால் மனம் மாறியவர்கள் சிலரே என்றும், கொண்டிருந்த சார்பில் மேலும் உறுதிப்பட்டவர்களே மிகுதி என்றும் அது காட்டிற்று. இம்முடிவை நான் மறுக்கவில்லை. ஆயினும் மனித மனத்தில் குடிகொண்டுள்ள சார்புகள் பலவாதலால், அச்சமும் நியாய உணர்ச்சியும் இனாபிமானமும் ஒரே நெஞ்சில் அருகருகே வாழ்வதால், அவற்றுள் எது விழித்தெழும், எது உறங்கிக் கிடக்கும் என்ற கேள்விக்கு அந்த ஆராய்ச்சி விடை தருவதாகக் கொள்வதற்கில்லை. செய்திகள் வந்து சேரும் வரிசையே அதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்பதும், அந்த வரிசையை அமைப்பவர்கள் செய்தி வரும் வழியைத் தம் வசம் வைத்திருப்பவர்களே என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதை 1919-ஆம் வருஷத்துப் பஞ்சாப் சம்பவங்களைக் கொண்டு பரிசீலிக்கலாம்.

அவ்வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி அமிர்தசரஸில் உள்ளூர்த் தலைவர்களான டாக்டர் கிச்சலுவையும் டாக்டர் சத்தியபாலையும் சர்க்கார் கைது செய்து நகரை விட்டு அகற்றியது. அதைக் கண்டித்து முறையிடச் சென்ற ஜனங்கள்மீது துருப்புகள் சுட்டன. அதன் பிறகு கட்டுமீறிய கூட்டம் ஐந்து ஐரோப்பியர்களைக் கொன்றது, மிஷனரிப் பெண்மணி ஒருவரைக் கொடூரமாக அடித்தது. ஏப்ரல் 13-ஆம் தேதி அந்நகரின் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த நிராயுதபாணிகள்மீது ஜெனரல் டயர் சுமார் பத்து நிமிஷம், 1,650 குண்டுகள் தீரும் வரையில், சுடச் செய்தார். இறந்தவர்கள் 379 பேர் என்பது சர்க்கார் நியமித்த ஹண்டர் விசாரணைக் கமிட்டி ஏற்ற கணக்கு. காங்கிரஸ் விசாரணைக் குழுவோ ஆயிரத்தை ஒட்டிய தொகையைக் கூறிற்று. இரண்டு நாளில் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது.

இந்தியாவுக்கும் லண்டனுக்கும் இடையே கடலடித் தந்திக்கம்பி 1870 முதலே இருந்தது; சில மணி நேரத்தில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே சாதனத்தின் வேகத்தில் குறை ஏதும் இல்லை. அந்தச் சாதனத்தின் வழியே ஏப்ரல் மாதத்திலேயே லண்டனை அடைந்த சுருக்கமான உத்தியோக அறிவிப்பு, பொதுக்கூட்டத் தடையை ஜனத்திரள் மீறியது என்றும், துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது என்றும், சுமார் 200 பேருக்குச் சேதம் என்றும் தெரிவித்தது. சுட்டவர் யார், எச்சரிக்கை செய்தாரா, வெளியேற வழி இருந்ததா என்பன அதில் இல்லை. ஐரோப்பியர் கொலையுண்டதும் பெண்மணி தாக்கப்பட்டதும் இதற்கு முன்னரே ஆங்கில வாசகரின் நெஞ்சில் தைத்துவிட்டன. 1857-இல் கான்பூரில் மாண்ட ஆங்கிலப் பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, இந்த வரிசையில் வந்த செய்திகள் எதை நினைவூட்டியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செய்தி வரும் வாயில்களோ ஒவ்வொன்றாக அடைபட்டன. பம்பாய் கிரானிகிள் பத்திராதிபர் ஹார்னிமன் அதே ஏப்ரலில் நாடு கடத்தப்பட்டார். லாகூர் டிரிபியூன் பத்திராதிபர் காளிநாத் ராய் ராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிறை சென்றார். நேரில் பார்த்து எழுதச் சென்ற காந்தியின் நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸை அமிர்தசரஸ் ரயில் நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். வெளி மாகாண வக்கீல்களுக்கும் பிரவேசம் மறுக்கப்பட்டது. நவம்பரில் லாகூரில் கூடிய ஹண்டர் கமிட்டியின் முன் டயரே தம் வாயால் எல்லாவற்றையும் சொன்ன பின்னர்தான், டிசம்பரில், ஆங்கிலப் பத்திரிகைகளில் விவரங்கள் வெளியாயின. தமக்கே அந்த விவரங்கள் பத்திரிகையைப் பார்த்த பின்தான் தெரியும் என்று இந்தியா மந்திரி மான்டேகு காமன்ஸ் சபையில் கூறியபோது, பஞ்சாபின் முன்னாள் லெப்டினன்ட் கவர்னர் ஓ'டயர் அதை மறுத்தார். யார் சொன்னது உண்மையாயினும், பொதுஜனத்துக்கு எட்டு மாதம் கழித்தே விஷயம் எட்டியது என்பதில் ஐயமில்லை.

எட்டு மாதம் கழித்து வந்த உண்மை, வெற்றிடத்தில் வந்து விழவில்லை. கலகத்தை அடக்கிய வீரர் என்ற உருவம் டயருக்கு முன்னரே அமைந்துவிட்டதால், புதிய விவரங்கள் அந்த உருவத்துக்கு எதிரான சாட்சியமாகாமல், அவர் எதிர்கொண்ட அபாயத்தின் அளவைக் காட்டும் சாட்சியமாகவே பலருக்குத் தோன்றின. 1920 ஜூலையில் மார்னிங் போஸ்ட் பத்திரிகை அவருக்காகத் திறந்த நிதியில் 26,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. பிரபுக்கள் சபை 129-க்கு 86 என்ற வாக்கில் அவர் பக்கம் நின்றது. இந்திய சுதந்திரத்துக்குச் சிறிதும் நண்பரல்லாத சர்ச்சில் அதே மாதம் காமன்ஸ் சபையில் டயரின் செயலைக் கடுமையாகக் கண்டித்ததையும் இங்கே கருத வேண்டும். ஆங்கிலேயர் நெஞ்சில் நியாய உணர்ச்சி இல்லாமற் போகவில்லை. அது விழிப்பதற்குள் அச்சம் விழித்து வீட்டை ஆளத் தொடங்கிவிட்டது.

இந்த நிலை எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்குச் சென்னையோடு சம்பந்தமுள்ள ஒரு வழக்கு அளவுகோலாகிறது. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக இருந்து, பின்னர் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்த சர் சி. சங்கரன் நாயர், பஞ்சாப் அடக்குமுறையைப் பொறாமல் 1919 ஜூலையில் பதவியைத் துறந்தார். 1922-இல் அவர் எழுதிய நூலொன்றில் ஓ'டயரின் ஆட்சியைக் கண்டித்திருந்ததற்காக, 1924-இல் லண்டனில் அவர்மீது மானநஷ்ட வழக்கு நடந்தது. ஐந்து வார விசாரணையில் சாட்சியங்கள் ஜூரிகளின் கண்முன் வைக்கப்பட்டன. ஆயினும் 12 பேரில் 11 பேர் ஓ'டயர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். மாறுபட்டவர் அரசியல் அறிஞர் ஹரால்டு லாஸ்கி ஒருவரே. நீதிபதி மக்கார்டியின் சாய்வு அதற்குத் துணைநின்றது என்பது மெய்தான். ஆனால் அந்தச் சாய்வும் அதே செய்திகளைப் படித்த ஒருவருடையதே.

இந்தியாவிலோ வேறு வரிசை. கைது முதலில், சூடு பிறகு, கூட்டத்தின் வன்செயல் அதன் பின், பாகின் படுகொலை அதற்கும் பின் என்ற கிரமத்தில், தணிக்கையைக் கடந்து வாய்மொழியாகவும், பிறகு சுமார் 1,700 சாட்சிகளை விசாரித்த காங்கிரஸ் குழுவின் அறிக்கையாகவும் விஷயம் பரவிற்று. அடிப்படைச் சம்பவங்கள் இரு தேசங்களுக்கும் பொது; உருவான அபிப்பிராயங்களோ இரு துருவங்கள்.

அதிகாரிகளின் தலையீடே இதற்குக் காரணம், சுதந்திரப் பத்திரிகை இருந்திருந்தால் இப்படி நேராது என்று சொல்லலாம். ஆனால் 1920 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர்களான வால்டர் லிப்மனும் சார்லஸ் மெர்ஸும் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. ருஷியப் புரட்சியைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்திகளை அவர்கள் வரிசையாகச் சோதித்தபோது, போல்ஷிவிக் ஆட்சி விழப்போகிறது அல்லது விழுந்துவிட்டது என்ற கருத்து இரண்டு வருஷத்தில் 91 முறை அதில் இடம்பெற்றிருக்கக் கண்டார்கள். அங்கே எந்த ராணுவச் சட்டமும் வாயிலை மூடவில்லை. எழுதியவர்களின் ஆசையும் பயமுமே செய்திகளுக்கு முறை வகுத்தன.

நம் காலத்தில் அந்த முறையை வகுக்கும் வேலை கணினிக்குச் சென்றுவிட்டது. எந்தப் பதிவில் வாசகரின் விரல் நிற்கும், எதை அவர் பிறருக்கு அனுப்புவார் என்று அவருடைய பழைய நடத்தையிலிருந்து கணித்து, அதை முதலில் காட்டும்படி சமூக ஊடக நிறுவனங்கள் தங்கள் யந்திரங்களை அமைத்திருக்கின்றன. எளிதில் விழிக்கும் சார்பு எதுவோ, அதற்கு ஏற்றது முந்திக்கொள்கிறது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களைச் சோதித்த வொசோகி, ராய், ஆரல் ஆகியோர் 2018-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட முடிவு, மெய்யைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்பதாகும். அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம் என்றும் அவர்கள் கண்டனர். இத்தகைய யந்திரம் எதுவும் இல்லாத வாட்ஸ்ஆப்பிலும் முந்தி வந்ததே வென்றது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வத்தைக் கும்பிடச் சென்ற முதியவள் ஒருத்தியைப் பிள்ளை பிடிப்பவள் என்று கருதி ஜனங்கள் அடித்துக் கொன்றார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுகிறது என்ற வதந்தி கைப்பேசிகளில் முன்பே பரவியிருந்தது. அவ்வருஷம் ஜூலையில்தான் வாட்ஸ்ஆப் நிறுவனம் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் செய்தியைக் கடத்த முடியாதபடி வரம்பு கட்டியது.

1919-இன் வரிசையை இன்று நாம் மீட்டெடுக்க முடிவது, தந்திகளும் தணிக்கை உத்தரவுகளும் சாட்சியங்களும் ஆவணக் காப்பகங்களில் கிடப்பதாலேயே. ஒரு வாசகரின் திரையில் எது முதலில் காட்டப்பட்டது, ஏன் காட்டப்பட்டது என்பதோ நிறுவனங்களின் கணக்கேட்டுக்குள் அடங்கிப்போகிறது; நம் நாட்டில் ஆராய்ச்சியாளன் அங்கே நுழையும் உரிமை பெறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், பதிவுகளை வரிசைப்படுத்தும் முக்கிய அளவைகளை வெளியிடவும், தகுதி பெற்ற ஆராய்ச்சியாளர்களுக்குத் தரவுகளைத் திறந்துவிடவும் மிகப் பெரிய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. தனிமனிதரின் அடையாளத்தை நீக்கி வரிசையை மட்டும் பாதுகாத்து வைத்து ஆராய்ச்சிக்குத் திறந்துவிடும் ஒரு கடமையை இந்தியச் சட்டமும் விதிக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.