மழை மாற்றிய ஆண்டுமலர்



2015-16ஆம் கல்வியாண்டில் நம் கல்லூரி ஆண்டுமலரின் மாணவ ஆசிரியர் அடியேன்தான். இன்று பொறியாளனாக எத்தனையோ வேலைகளை அட்டவணை போட்டு முடிக்கிறேன். ஆனால் அந்த வருஷம் போல என் அட்டவணையைக் கிழித்துப் போட்ட வருஷம் வேறில்லை என்றால் மிகையாகாது.

ஜூலையிலேயே திட்டம் தயார். மாமல்லபுரம் பற்றி ஒரு சிறப்புப் பகுதி. எட்டுப் பேர் கொண்ட குழு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் படமெடுத்து வந்தோம். பிப்ரவரியில் மலர் அச்சுக்குப் போக வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள், நவம்பர் 9 அன்று மழை வலுத்தது. மணலாகவே பார்த்துப் பழகிய பாலாற்றில் வெள்ளம்! வேடிக்கை பார்க்கப் போனோம். அந்த வேடிக்கை டிசம்பர் 1 அன்று முடிந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. மறைமலைநகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் வந்து சேர முடியாததால், 1878இல் தொடங்கிய 'தி ஹிந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வரவில்லை.

"ஹிந்துவே நின்னுடுச்சு, நம்ம மலரா வரப்போகுது?" என்றான் அட்டைப்படம் வரைந்த நண்பன்.

மலர் அறையில் முழங்கால் தண்ணீர். கணினியோடு பாதிப் படங்களும் போயின. விடுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மூன்று நாள் ரசம் சாதமும் உப்புமாவும் கிடைத்தது மெஸ் ஊழியர்களால்தான். அவர்களில் சிலர் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் குழு கூடியது. பழைய திட்டத்தையே பிடித்துத் தொங்கினேன். இரண்டாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி எழுந்து, "அண்ணா, ரதம் எங்கயும் போகாது. இந்த வருஷம் போயிடும். அதை யாரு எழுதுவா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மாணவர்களிடம் மழை நாள் அனுபவங்களை எழுதி வாங்கினோம். நூற்றிருபது பக்கம் திட்டமிட்ட மலர் அறுபத்து நான்கு பக்கமாகச் சுருங்கி, மே மாதம் வெளிவந்தது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் ஒரு குறை. மெஸ் ஊழியர்கள் படத்தின் கீழே "உணவு வழங்கிய ஊழியர்கள்" என்று மட்டும் போட்டோம். பெயர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஆசிரியர் நான், தவறும் என்னுடையதே.

அது உறைத்தது பல வருஷம் கழித்து, குடும்பத்தோடு சாளுவன்குப்பம் போனபோது. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே மணலை அரித்து, கல்வெட்டுள்ள பாறையை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு 2005இல் தொல்லியல் துறை தோண்ட, முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் காலக் கற்கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில்! மணலும் கிளிஞ்சலுமாகக் கிடந்த அடுக்குகளைப் பார்த்து, கடல்தான் அதை மூடியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

என்னை நிறுத்தியது அதுவல்ல. அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் கோயிலுக்குப் பொன் கொடுத்த சாதாரண மனிதர்களின் பெயர்களும் உள்ளன. ராஜா பெயரோடு நிறுத்தாமல் அவர்கள் பெயரையும் வெட்டி வைத்தார்கள். கடல் மூடியும் ஆயிரம் ஆண்டு கழித்து நாம் வாசிக்கிறோம். நமக்குச் சோறு போட்டவர்களுக்கு நான் ஒரு வரி ஒதுக்கவில்லையே!

இப்போது மலர்க்குழுவில் இருக்கும் தம்பி தங்கைகளே, திட்டம் போடுங்கள். கூடவே நாலு பக்கம் காலியாக விடுங்கள். வருஷம் தானே நிரப்பும். படத்தின் கீழே எல்லார் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

என் செட் நண்பர்களே, அந்த மெஸ் அண்ணன்கள், அக்காக்கள் பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால், சந்திப்பு நாளன்று சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.