கண்டி வாவியும் நிலத்தோற்ற வாசிப்பும்

கார்ல் சவரின் மரபில் வந்த புவியியலாளர் பலர், பண்பாட்டை மனிதர்க்கு மேற்பட்டுத் தானே இயங்கும் சக்தியாகக் கொண்டனர். அவ்வாறு கொள்ளும்போது சமூக முரண்பாடுகள் மறைந்துவிடுகின்றன என 1980இல் வாதிட்டவர் ஜேம்ஸ் டங்கன். 1990இல் வெளிவந்த 'நகரம் ஒரு பனுவலாக' என்னும் நூலில், இலக்கியக் கோட்பாட்டின் துணைகொண்டு கண்டித் தலைநகரின் நிலத்தோற்றத்தை அவர் ஆராய்ந்தார்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் நெல்வயல் நிலத்தை அணையிட்டு வாவியாக்கினான்; நகரையும் விரித்தான். அரசனுக்கு அது இந்திரனின் தேவநகரைப் பூமியில் நிறுவும் செயல். பிரதானிகளோ அசோக மரபினை அளவுகோலாகக் கொண்டனர்: அறவழி அரசன் அமைக்கும் நீர்நிலை குடிகளின் வயலுக்குப் பயன்படல் வேண்டும், இவ்வாவியோ வயலை விழுங்கியது. (அரசன் நாயக்கர் வம்சத்தவன் என்பதும் பகைக்கு உரமாயிற்று.) 1815இல் பிரதானிகளே பிரித்தானியரோடு உடன்படிக்கை செய்து அவனது ஆட்சியை முடித்தனர்.

டங்கன் குடிகளை மறந்தாரல்லர். ஆயினும் பனுவல் என்னும் உவமை ஏடெழுதியோர் பக்கமே சாய்கின்றது. இராசகாரியத்தின் பேரில் மண் சுமந்தவன் வாவியை எவ்வாறு வாசித்தான் என்பதற்கு அவன் கைப்பட்ட ஏடில்லை. அவனது உழைப்பைக் கணக்கிலெடுக்க, வாசிப்புக் கோட்பாட்டோடு உற்பத்தி உறவுகளின் ஆய்வும் சேரவேண்டியுள்ளது.